ஏற்ற இறக்கம் கூறும் உண்மை

மலேரியா கண்டவனின் உடற்சூட்டை ஒருமுறை மட்டும் அளந்தால், அது இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும். சில நாட்கள் விடாமல் அளந்து குறித்து வந்தால்தான், ஒருநாள் விட்டோ இருநாள் விட்டோ காய்ச்சல் ஏறி இறங்கும் ஒழுங்கு புலப்படும். முறைக்காய்ச்சல் என்னும் தமிழ்ப் பெயரே இவ்வுண்மையை உணர்த்துகிறது. ஓர் உடலுக்குப் பொருந்தும் இந்நெறி ஓர் ஊருக்கும் பொருந்தும் என்பதற்குக் கிள்ளானே சான்று.

கோலாலம்பூரிலிருந்து பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுக் கிள்ளான் ஆற்றங்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1901 செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் கடலோரத்தில் எழுந்தது. சதுப்பும் காடும் சூழ்ந்த அவ்விடத்தில் காய்ச்சல் கடுமையாகப் பரவவே, துறைமுகத்தைக் கைவிட நேருமோ என்ற அச்சம் பிறந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கு 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்ட உண்மை வழிகாட்டியது. அதை நம்பி நகரிலும் துறைமுகத்திலும் காடு வெட்டப்பட்டது, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன, வடிகால்கள் தோண்டப்பட்டன. ஆனால் காய்ச்சலோ எவர் முயற்சியுமின்றித் தானாகவே ஆண்டுக்காண்டு கூடிக் குறையும் இயல்பினது. அடுத்த ஆண்டில் அது குறைந்தால், வடிகாலின் பயனென்று கொள்வதா, பருவத்தின் போக்கென்று கொள்வதா?

இவ்வினாவுக்கு விடையளித்தது, இடம் பிரித்து ஆண்டுதோறும் எழுதப்பட்ட மருத்துவமனைக் கணக்கு. 1901 முதல் 1905 வரை கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காகச் சேர்ந்தோர் முறையே 334, 129, 48, 28, 12. துறைமுகத்திலிருந்து வந்தோர் 188, 70, 21, 4, 11. வடிகால் எட்டாத பிற பகுதிகளிலிருந்து வந்தோர் 197, 204, 150, 266, 353.

இம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் 719, 403, 219, 298, 376 என்று வரும். கூட்டுத்தொகையை மட்டும் கண்டவர், 1903-க்குப் பின் நோய் மீண்டும் வளர்கிறது, செலவிட்ட பணம் வீண் என்றே சொல்லியிருப்பார். பிரித்துப் பார்த்தவருக்கோ, பருவமே காரணமாயின் வெளிப்பகுதியிலும் நோய் தணிந்திருக்க வேண்டுமே என்பது விளங்கியது. துறைமுகத்தில் 4 என்பது 11 ஆனது சிறிய ஏற்ற இறக்கம். நகரில் 334 என்பது 12 ஆனது உண்மையான மாற்றம்.

மருத்துவமனைக்கு வருவோர் தொகை வேறு காரணங்களாலும் மாறும். ஆகவே, 1904-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகளின் இரத்தமும் சோதிக்கப்பட்டது. நகரில் 173 குழந்தைகளில் ஒருவருக்கே மலேரியாக் கிருமி இருந்தது. வெளிப்பகுதியிலோ 298 பேரில் 101 பேருக்கு இருந்தது. இருவேறு அளவைகள் ஒரே உண்மையைக் கூறின.

கிள்ளானில் ஏற்ற இறக்கம் விலக்கிப் பார்க்கவேண்டிய ஒன்றாக இருந்தது. பின்னாளில் அந்த ஏற்ற இறக்கமே அறிகுறியாயிற்று. மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரின் இதயத்துடிப்பை ஒருநாள் முழுதும் பதிவு செய்த ராபர்ட் கிளைகர் குழுவினர், 1987-இல் தம் முடிவை வெளியிட்டனர். துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தின் திட்டவிலக்கம் 50 மில்லி விநாடிக்குக் குறைந்தவர்களுக்கு, 100-க்கு மேற்பட்டவர்களைவிட மரண அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இங்கே மாறாமையே தீங்கு. இரத்த அழுத்தத்திலோ இது தலைகீழ்: ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அது பெரிதும் வேறுபட்டால், சராசரி எவ்வாறிருப்பினும் பக்கவாதத்தின் அபாயம் மிகும் என்று 2010-இல் பீட்டர் ராத்வெல் குழுவினர் காட்டினர். ஆயினும், இரண்டு மூன்று அளவைகளைக் கொண்டு இவ்வாறு தீர்ப்புக் கூறலாகாது. கருவியின் பிழையே உடலின் மாற்றம்போலத் தோன்றிவிடும்.

கிள்ளான் கணக்கு வெற்றியை மட்டும் காட்டவில்லை. 353 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள், தோட்டங்கள் பெருகிவந்த வெளிப்பகுதி மக்கள். அவர்களைச் சராசரியில் கரைத்துவிடாமல் தனியே எண்ணியதால்தான், அடுத்த வடிகால் எங்கே தோண்டப்பட வேண்டும் என்பது தெரிந்தது.