மூலம், குன்மம், கழிச்சல்: காவிரிப் படுகையில் குடற்புற்று பெயர்பெற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் தமிழ்நிலத்தில் நெடுங்காலம் பிற நோய்களின் பெயர்களுக்குள் மறைந்திருந்தது என்பதையும், நோயறியும் முறையின் வரலாறு அப்பெயர்களின் வரலாற்றோடு பிணைந்தது என்பதையும் தஞ்சை வட்டாரச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: குடற்புற்று, மூலம், குன்மம், சரபேந்திர வைத்திய முறைகள், முத்துலட்சுமி ரெட்டி, நோய்க்கணிப்பு.

முன்னுரை

காவிரிப் படுகையின் தெற்கெல்லையை ஒட்டிய புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1920களின் தொடக்கத்தில் அவருடைய இளைய சகோதரி மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி எனக் கணிக்கப்பட்டு அதற்கே மருத்துவம் செய்யப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் தோற்றத்தைப் பேசுவோர் இச்செய்தியை ஒரு துயர நிகழ்வாகக் கூறிக் கடந்துவிடுகின்றனர். மருத்துவ வரலாற்று நோக்கில் இதனுள் ஒரு வினா இருக்கின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற ஒருவரின் குடும்பத்திலேயே புற்று எவ்வாறு சீதபேதியாக வாழ முடிந்தது?

பெயர்களும் நோய்களும்

குடற்புற்றின் அறிகுறிகள் மலத்துடன் குருதி போதல், மலம் கழியும் இயல்பு மாறுதல், வயிற்றுவலி, குருதிச்சோகை, உடல் மெலிதல் ஆகியன. இவற்றுள் எதுவும் அந்நோய்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் மருத்துவ மரபில் இவை ஒவ்வொன்றுக்கும் முன்பே ஓர் இல்லம் இருந்தது. குருதி போனால் மூலம். சளியும் குருதியும் கலந்து போனால் சீதக்கழிச்சல். நாட்பட்ட கழிச்சலோடு மெலிவு சேர்ந்தால் கிராணி. வயிற்றில் வலியோ திரட்சியோ உணரப்பட்டால் குன்மம். யூகி முனிவர் மரபு மூலத்தை 21 வகையாகவும் குன்மத்தை 8 வகையாகவும் பகுக்கின்றது. இத்தகைய நுண்பகுப்பு கூர்ந்த கவனிப்பின்றி அமைந்திராது. ஆயினும் அக்கவனிப்பு உடலிலிருந்து வெளிப்பட்டதன் மீது நிகழ்ந்தது. உள்ளிருந்த கட்டியை அது கண்டதில்லை.

புற்று என்னும் சொல் மரபில் இல்லாமல் இல்லை. கறையான் புற்றுப்போல் புடைத்துப் புரைந்து பரவும் புண்ணுக்கு அப்பெயர் பொருந்தி வந்தது. கன்னப்புற்று, லிங்கப்புற்று, யோனிப்புற்று என்னும் பெயர்களை நோக்குக. இவை கண்ணுக்கோ கைக்கோ எட்டும் இடங்கள். குடலுக்குள் இருக்கும் புற்றை யாரும் பார்த்திராத நிலையில் அதற்குப் புற்று என்று பெயர் சூட்ட வழியில்லை. ‘குடற்புற்று’ என்பது குடலை உள்நோக்கிய பிறகே வழக்கூன்றிய தொடர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஏடுகளில் காணும் குன்மம் எதையும் ‘இதுவே புற்று’ என இன்று மொழிபெயர்ப்பது பிழை. குன்மத்தின் பெரும்பகுதி வயிற்றுப் புண்ணாகவோ செரிமானக் கோளாறாகவோ இருந்திருக்கும். கைக்குத்தல் அரிசியும் பழைய சோறும் உண்ட முன்னோர்க்குக் குடற்புற்றே இல்லை என மேடைகளில் முழங்குவதும் இதன் மறுதலையான பிழையே. பெயர் பெறாத நோயை எண்ணிக் கணக்கிட இயலாது. மேலும், 1920களில் இந்தியரின் சராசரி ஆயுள் 30 ஆண்டுகளை எட்டவில்லை. முதுமையில் மிகும் நோயொன்று அச்சமூகத்தில் அரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. டெனிஸ் பர்கிட் 1971இல் முன்வைத்த நார்ச்சத்துக் கருதுகோள் ஆப்பிரிக்க மக்களிடையே கண்டவற்றிலிருந்து எழுந்தது. அதனைத் தஞ்சை நெல்வயலுக்கு அப்படியே பெயர்த்து நடுதல் ஆகாது.

தரங்கம்பாடியும் தஞ்சை அரண்மனையும்

இவ்வட்டார மருத்துவத்தை எழுத்தில் பதிந்த ஐரோப்பியருள் முற்பட்டவர் தரங்கம்பாடி லுத்தரன் சமயப்பணியாளர் கிரண்ட்லர். தமிழ் மருத்துவம் குறித்து 1711இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்துத் தஞ்சையில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகாலை நிறுவிப் பல மரபு மருத்துவர்களை ஒருங்கே வைத்துப் பேணினார். அங்குத் தேர்ந்த மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகம் அவற்றை நோய்வாரியாகப் பிற்காலத்தில் பதிப்பித்தது. குன்மம் அவற்றுள் ஒன்று.

அதே அரண்மனையில் கண்ணோயாளர் பற்றிய தனித்தனிக் குறிப்புகளும் எழுதப்பட்டன. நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியம், செய்த மருத்துவம், அதன் பயன் என அவை அமைந்துள்ளன. இவ்விரு தொகுதிகளையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுடையது. கண்ணோய்க் குறிப்பில் ஒரு மனிதர் இருக்கின்றார். அவர் கண் இருக்கின்றது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிகின்றது. குன்மச் செய்யுளில் மருந்து இருக்கின்றது; நோயாளர் இல்லை. இவ்வேறுபாட்டை அறிவின் ஏற்றத்தாழ்வாகக் கொள்ளலாகாது. கண்ணை ஓவியர் வரையலாம். குடலை எவர் வரைவார்?

உள்நோக்கிய கருவிகள்

இவ்வினாவுக்கு விடை மேலைநாடுகளிலும் மெல்லவே வந்தது. நெடுங்குழாய் கொண்டு மலக்குடலையும் அதன் மேற்பகுதியையும் நோக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் கெல்லி 1895இல் வெளியிட்டார். பேரியம் கரைசலைக் குடலில் செலுத்தி ஊடுகதிர்ப்படம் எடுக்கும் முறை அடுத்து வளர்ந்தது. இலண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் 1908இல் விளக்கிய அறுவை, மலக்குடலையும் குதத்தையும் முழுமையாக அகற்றி வயிற்றில் நிலையான மலவாயை அமைப்பது. நம் மருத்துவமனை வளாகங்களில் ‘வயிற்றில் பை வைப்பது’ என அஞ்சிப் பேசப்படுவது இதுவே. கத்பர்ட் டியூக்ஸ் 1932இல் நோயின் பரவலை நிலைகளாக வகுத்தார். குடற்சுவரோடு நிற்பதும் நிணநீர்க் கணுக்களை எட்டியதும் வெவ்வேறு விளைவுடையன என்பது அதனால் தெளிவாயிற்று. 1969இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா இருவரும் வளையும் கொலோனோஸ்கோப் வழியாகவே குடல் மொட்டுகளை அறுத்தெடுத்தனர். இப்புற்றுகளில் மிகப்பல அத்தகைய மொட்டிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் எடுத்து வளர்வன. ஆகவே மொட்டை நீக்குதல் நோயறிதலும் தடுப்பும் ஒருங்கே ஆனது. பில் ஹீல்ட் 1982இல் விளக்கிய மலக்குடற்சூழ் கொழுப்புறை நீக்கமும், அறுவைக்கு முன் தரும் கதிர்மருத்துவமும், அதன்பின் தரும் வேதிமருந்துகளும் பலருக்குப் பையின் தேவையை அகற்றின. அமெரிக்கப் பதிவுகளின்படி நோய் தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது ஐந்தாண்டு பிழைத்திருப்போர் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் அது 15 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கிவிடுகின்றது.

கருவிகளின் இவ்வரிசையால் முன்னுரையில் எழுந்த வினாவுக்கு முழு விடை கிடைப்பதில்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் தோன்றும் கட்டியை உறையணிந்த ஒரு விரலால் உணரலாம். அதற்கு 1895ஆம் ஆண்டுக் கருவியும் வேண்டியதில்லை. வேண்டியது ஐயம் மட்டுமே. சீதபேதி மலிந்த நாட்டில், நாணம் மிகுந்த உறுப்பில், அவ்வையம் எழுவதற்கு முன்பே பெயர் வந்து அமர்ந்துவிடுகின்றது.

அடையாறு

முத்துலட்சுமி ரெட்டி 1925இல் உயர்பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் பணியை அறிந்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்றார். 1952இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு அந்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சந்தித்த மறுப்புகள் தனிக்கட்டுரைக்கு உரியன.

மீண்டும் படுகையில்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கிற்று. இன்று அகநோக்கிக் கருவியும் திசு ஆய்வும் படுகை மக்களுக்கு எட்டாதவையல்ல. பழைய பெயர்களும் போய்விடவில்லை. ‘மூலம், பவுத்திரம்’ என்னும் பலகையை இவ்வட்டாரப் பேருந்து நிலையம் எதன் அருகிலும் காணலாம். கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டனார் பாபநாசம் வட்டத்து உழவர். குறுவை நடவின்போது அவருக்குத் தொடங்கிய குருதிப்போக்கு தாளடி அறுவடை முடியும்வரை மூலமாகவே இருந்தது. களிம்பு தந்த மருத்துவர் ஒருமுறையேனும் விரலால் சோதித்திருந்தால் ஆறு மாதங்கள் மிஞ்சியிருக்கும். கல்லீரலுக்குப் பரவிய பின்னரே புற்று என்ற சொல் வீட்டுக்குள் வந்தது; அதையும் அவரிடம் எவரும் சொல்லவில்லை. இவ்வாய்வுத் தலைப்பு நூலகத்தில் மட்டும் பிறந்ததன்று என்பதை மறைப்பதற்கில்லை.

மேலைநாடுகளை நோக்க இந்தியாவில் குடற்புற்று குறைவே. ஆனால் இங்குப் பாதிக்கப்படுவோரிடையே மலக்குடற்புற்றின் பங்கு மிகுதி. அதாவது விரலுக்கு எட்டும் வாய்ப்புள்ள புற்று. நடுவண் அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயதைக் கடந்தோர்க்குப் புற்றுநோய்க் கண்டறிதல் மூன்று உறுப்புகளுக்கு வகுக்கப்பட்டுள்ளது: வாய், மார்பகம், கருப்பைவாய். நோயின் எண்ணிக்கையை நோக்க இத்தெரிவுக்குத் தக்க காரணம் உண்டு. எனினும் ஏட்டுச் சுவடியின் கன்னப்புற்றையும் யோனிப்புற்றையும் படித்தவர்க்கு அப்பட்டியல் புதியதாகத் தோன்றாது. அதுவும் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய இடங்களின் பட்டியலே. மலத்தில் மறைந்துள்ள குருதியைக் காட்டும் எளிய சோதனை அதில் இன்னும் இடம்பெறவில்லை.