வழுக்குமரமும் ஒரு கேப்டனும்

வருஷா வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவின் அன்னாபோலிஸில் ஒரு கூத்து நடக்கும். அங்குள்ள கடற்படை அகாடமியின் முதலாண்டு மாணவர்கள், கிட்டத்தட்ட ஆயிரம் பேர், 21 அடி உயரக் கிரானைட் தூண் ஒன்றை ஏறிப்பிடிக்க முட்டி மோதுவார்கள். சீனியர்கள் முன்கூட்டியே தூண் முழுக்க வனஸ்பதி மாதிரியான கொழுப்பைப் பூசி வைத்திருப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், வழுக்குமரம்!

உச்சியில் ஒரு முதலாண்டுத் தொப்பி இருக்கும். அதைத் தட்டிவிட்டு மேல்வகுப்புத் தொப்பியை வைக்க வேண்டும். அதோடு 'பிளீப்' வருடம் முடிந்தது. பிளீப் என்றால் முதலாண்டு மாணவர். விடுதி வராந்தாவில்கூட சாதாரணமாக நடக்க முடியாது. நடுவில் ஓடி, மூலைகளில் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். அப்படி ஒரு வருடம்.

ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொழுப்பு பூசாத 1969ல் ஒன்றரை நிமிடம். பூசிய 1995ல் நாலு மணி நேரத்துக்கும் மேல்! கொழுப்பு பூசினால் தனி ஆளாக ஏறவே முடியாது. கீழே ஒரு வரிசை கைகோத்து நிற்கும், அவர்கள் தோளில் அடுத்த வரிசை. சட்டையைக் கழற்றிக் கொழுப்பைத் துடைத்துக்கொண்டே மேலே போவார்கள். தொப்பி வைப்பவர்தான் அந்த பேட்ச்சின் முதல் அட்மிரல் ஆவார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இதுவரை பலித்ததாகத் தெரியவில்லை.

சரி, அது யாருடைய தூண்? வில்லியம் லூயிஸ் ஹெர்ண்டன். அமேசான் நதியை ஆராய்ந்த கடற்படை அதிகாரி. 1857 செப்டம்பரில், கலிஃபோர்னியத் தங்கமும் 500க்கும் மேற்பட்ட ஆட்களும் இருந்த 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற நீராவிக் கப்பலுக்கு அவர்தான் கேப்டன். கரோலினா கடற்கரைக்கு அப்பால் சூறாவளியில் மாட்டிக்கொண்டது. பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றி, உதவிக்கு வந்த வேறொரு கப்பலுக்கு முதலில் அனுப்பிவைத்தார். அவர் படகில் ஏறவில்லை. 400க்கும் மேற்பட்டோரோடு சேர்ந்து அவரும் மூழ்கினார். சக அதிகாரிகள் 1860ல் எழுப்பிய நினைவுத்தூண் இது.

மறுநாள் செய்தியில் தொப்பி வைத்தவரின் படம்தான் வரும். எனக்கென்னவோ அடி வரிசைதான் கண்ணில் நிற்கிறது. மணிக்கணக்கில் அடுத்தவர் பாரத்தைத் தோளில் தாங்கி, கல்லில் முகம் அழுந்த நிற்கிறார்களே, அவர்கள். தூணில் ஹெர்ண்டனின் பெயரும் கப்பல் மூழ்கிய தேதியும் பொறித்திருக்கின்றன. அவற்றுக்கு மிக அருகில் நிற்பவர்களும் அவர்கள்தான்.