கடற்கரையில் குடும்பப் படம்: யாருடைய உடையிலிருந்து தொடங்குவது?

கோடை விடுமுறைக்கு உறவுகள் நாலு நாடுகளிலிருந்தும் வந்து ஒரு வீட்டில் கூடும்போது, கடற்கரைக்குப் போய்க் குடும்பப் படம் எடுப்பது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. நாள் குறித்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் உடை விவாதமும் தொடங்கிவிடும். வெள்ளைச் சட்டையும் நீல ஜீன்ஸும் என்பார்கள் பிள்ளைகள். பட்டுச்சேலை என்பார்கள் மாமிமார்.

1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும் 2009 இல் வன்னியிலும் ஆல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் எங்களில் ஏராளம். மூன்று தலைமுறையும் சேர்ந்து நிற்கும் படம் என்று பல வீடுகளில் இருக்கப்போவது இது ஒன்றுதான். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், பின்னொரு நாள் மரண அறிவித்தலுக்கும் கல்வெட்டுக்கும் முகத்தை வெட்டி எடுப்பதும் இப்படியான படங்களிலிருந்துதான்.

ஆகவே, தன் உடையை மாற்ற முடியாதவரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது அம்மம்மாவோ அப்பம்மாவோதான். கணவரை இழந்தபின் வெள்ளையோ வெளிர்நிறமோ தவிர வேறு சேலை உடுத்தாதவர் என்றால், மற்றவர்கள் கடும் சிவப்பிலும் பச்சையிலும் நிற்கும்போது அவர் மட்டும் வேறாகத் தெரிவார். அநேகமாக, "நீங்கள் எடுங்கோ பிள்ளையள்" என்று ஒதுங்கியும் விடுவார். மற்றவர்கள் இளநீலம், வெளிர் சாம்பல், மங்கிய ரோஸ் என்று எடுத்தால் அவரை நடுவில் கதிரை போட்டு இருத்தலாம். எல்லோரும் ஒரே துணியில் தைக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட ஒத்த நிறங்கள் போதும். சந்தன நிறத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது, மணலோடு கலந்துவிடும். மிக நெருக்கமான கோடும் கட்டமும் உள்ள சட்டைகள் டிஜிட்டல் கமராவில் அலையலையாக விழக்கூடும்.

வெளிர் உடைக்கு உச்சி வெயில் ஆகாது. வெள்ளைத் துணி வெளிறி, மாநிற முகங்கள் இருண்டுபோகும். காலையோ மாலையோ என்பதைக் கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சிட்னியின் கடற்கரைகள் கிழக்கைப் பார்ப்பவை. கடலுக்கு மேல் சூரியன் வருவது காலையில்தான். பேர்த்தில் மாலை. கனடாவில் வசாகா கடற்கரையிலும் மாலைதான், அது ஏரியே ஆனாலும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக்கண்ணாடி இன்னொரு தொல்லை. தாத்தாவின் கண்கள் படத்தில் தெரியாமலே போய்விடும். அவரிடம் பழைய சாதாரணக் கண்ணாடி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

பட்டு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் உப்புநீர் பட்டால் பட்டில் கறை விழும், வெள்ளிச் சரிகை கறுக்கும். தண்ணீருக்குக் கிட்டப் போகாத படத்துக்கு அதை உடுத்தலாம். மற்றபடி கைத்தறிப் பருத்திச் சேலை, சற்றுக் கனமானதாக, உத்தமம். கொசுவத்தை உள்பக்கமாகப் பின் குத்தி, முந்தானையை மடித்துத் தோளில் குத்திவிடுங்கள். காற்று அதை முகத்தில் அடித்தால் பாதிப் படங்கள் வீண். வேட்டிக்கு ஒட்டு வேட்டியும் உள்ளே ஒரு காற்சட்டையும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் உள்ளே தெரியும் என்பதை வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரைட்டன் போன்ற கூழாங்கல் கரையில் குதி உயர்ந்த செருப்போடு நிற்கவே முடியாது.

ஐரோப்பியக் கடற்காற்று ஆடியிலும் குளிரும். கடைசி நேரத்தில் யாருடையதோ கறுப்பு ஜக்கெட்டை அம்மம்மாவுக்குப் போர்த்தி எடுத்த படங்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். சேலைக்குப் பொருந்தும் சால்வை ஒன்றையும் உடையோடு சேர்த்தே தெரிவு செய்யுங்கள்.

இன்னொன்று. முள்ளிவாய்க்கால் கரையில் நின்றவர்கள் வீட்டில் இருந்தால், கடற்கரை சம்மதமா என்று நாள் குறிக்குமுன் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் ஒரு பூங்காவுக்குப் போய்விடலாம். மேலே சொன்ன நிறங்கள் புல்வெளியிலும் எடுபடும்.

கடற்கரைதான் என்று முடிவானால், எல்லோரும் சேர்ந்த படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளைத் தண்ணீருக்குள் விடுவது அதற்குப் பிறகு. காரில் மாற்றுடுப்பும் இரண்டு துவாயும் இருக்கட்டும்.