விழிஞ்சத்தில் மூச்சு விட்ட பெட்டி

விழிஞ்சம்னா இப்போ எல்லாருக்கும் பெரிய கன்டெய்னர் துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே பழைய மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, கடலுக்குள் ஒரு கான்கிரீட் பெட்டி இருந்தது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வடிவமைத்தது. 1991ல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது. திறன் 150 கிலோவாட். 'தோற்றுப்போன திட்டம்'னு ஒரே வரியில் முடிச்சிடறாங்க. எனக்கு அப்படித் தோணல.

பெட்டியின் அடிப்பக்கம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். அலை வந்தால் உள்ளே நீர்மட்டம் ஏறி, மேலே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். அலை இறங்கினால் வெளிக்காற்று உள்ளே வரும். மனுஷன் மூச்சு விடற மாதிரிதான். காற்று இரண்டு பக்கமும் மாறி மாறி வீசினாலும், டர்பைன் ஒரே பக்கம் சுற்றணும். இதற்கு 1970களிலேயே பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் வழி கண்டுபிடித்திருந்தார். அவருடைய டர்பைனில் இறக்கைகளின் இரண்டு முகமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் சுழற்சி மாறாது.

விழிஞ்சத்தில் முதலில் வைத்ததும் வெல்ஸ் டர்பைன்தான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அது வேகமாகச் சுற்றினால்தான் வேலை செய்யும். காற்று அளவுக்கு மீறி வீசினாலோ இறக்கையின் பிடி விட்டுப்போகும். அதோட இணைத்த ஜெனரேட்டர், மின்கட்டமைப்புக்கு ஏற்ப ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஓட முடியும். அலை சின்னதாக இருந்தால் ஜெனரேட்டரே மோட்டாராகி, கரையிலிருந்து மின்சாரத்தை இழுக்கும். மின்சாரம் கொடுக்க வேண்டிய கடலுக்கு, நாம ஃபேன் போட்டுவிட்ட கதை!

பிறகு இம்பல்ஸ் டர்பைனைச் சோதித்தார்கள். அதன் இரண்டு பக்கமும் காற்றைத் திருப்பிவிடும் தகடுகள் உண்டு. குறைந்த வேகத்திலும் சுற்றும், காற்று கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். 2000களில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இன்னொரு படி போனது. டர்பைனின் வேகம் அலைக்கேற்ப மாறட்டும்னு விட்டு, கிடைத்த மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கியது. நாளுக்கு 10,000 லிட்டர் வரை எடுக்கும் திறன். ஏறி இறங்கும் மின்சாரத்தை அப்படியே சேமிப்பது கஷ்டம். தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கலாம் இல்லையா?

பெட்டியின் வேலை முடிந்துவிட்டது. மழைக்காலத்தில் ஒரு கடல், மற்ற மாதங்களில் வேறொரு கடல் என்ற சிக்கல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இன்று புதுக் கருவி வரைபவர்களும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை விழிஞ்சம் அன்றே கேட்டுவிட்டது: பெரிய அலையில் எவ்வளவு கிடைக்கும் என்பது இருக்கட்டும், சின்ன அலையில் இது என்ன செய்யும்?