பெற்றோர் கைக்கு வந்த பள்ளிக் கணக்கு: அமெரிக்கக் கல்விப் பொறுப்புடைமைச் சட்டங்கள்

அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, மாணவர்கள் எந்த அளவு கற்றார்கள் என்பதை மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்துபவை கல்விப் பொறுப்புடைமைச் சட்டங்கள். அமெரிக்காவில் இவை அரை நூற்றாண்டில் படிப்படியாக உருவாயின.

தொடக்கம்

1965 ஏப்ரல் 11 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை மாணவர்கள் மிகுந்த பள்ளிகளுக்கு இதன்வழி மைய அரசின் நிதி சென்றது. பணம் மட்டும் போதாது, அதனால் விளைந்த பயனை அளந்து அறிக்கை தர வேண்டும் என்று செனட்டர் ராபர்ட் கென்னடி வலியுறுத்தினார். 1974இல் வந்த மற்றொரு சட்டம், தம் பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. ஆனால் பள்ளியின் தரத்தை அறிய நாடு முழுவதற்கும் பொதுவான வழி இன்னும் இல்லை.

2002ஆம் ஆண்டுச் சட்டம்

'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட சட்டத்தில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2002 ஜனவரி 8 அன்று கையெழுத்திட்டார். அதன்படி 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறையும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடந்தது. முடிவுகளை இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்போர் எனப் பிரித்து வெளியிட வேண்டும்.

இந்தப் பிரிப்பே சட்டத்தின் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக, 100 பேரில் 80 பேர் தேறிய பள்ளி நல்ல பள்ளியாகத் தோன்றும். தேறாத 20 பேரும் ஏழைப் பிள்ளைகள் என்றால், அந்த உண்மையைச் சராசரி மறைத்துவிடும். நிதி பெறும் பள்ளிகளில் ஆசிரியரின் தகுதியைக் கேட்டறியும் உரிமையும் பெற்றோருக்குக் கிடைத்தது.

அத்தகைய பள்ளி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இலக்கை எட்டாவிட்டால், பிள்ளையை வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றலாம். மூன்றாம் ஆண்டும் தவறினால் ஏழை மாணவர்களுக்கு இலவசத் தனிப்பயிற்சி உண்டு.

நடைமுறை

மாற்றும் உரிமையைப் பயன்படுத்தியோர், தகுதியுடையோரில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. பல இடங்களில் பள்ளி திறந்த பிறகே அறிவிப்புக் கடிதம் வந்தது. அருகிலிருந்த நல்ல பள்ளிகளில் இடமில்லை. சிற்றூர்களில் வேறு பள்ளியே இல்லை. தேர்வுகள் மிகுந்துவிட்டன என்ற எதிர்ப்பும் வளர்ந்தது. 2015இல் நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாணவர்கள் தேர்வெழுதவில்லை.

2015 டிசம்பர் 10 அன்று பராக் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம், தேர்வையும் பிரித்துக் காட்டும் அறிக்கையையும் தக்கவைத்தது. மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவையும் வெளியிடச் சொன்னது. பள்ளி மாற்றமும் தனிப்பயிற்சியும் கட்டாயமல்ல என்றாயின.

முடிவுரை

தம் பிள்ளையின் பள்ளி எங்கே தவறுகிறது என்று கேட்கும் ஆதாரத்தை இச்சட்டங்கள் பெற்றோருக்குத் தந்தன. ஆனால் உரிய காலத்தில் வரும் கடிதமும், எட்டும் தொலைவில் இடமுள்ள நல்ல பள்ளியும் இல்லாதபோது, அந்தத் தகவல் வெறும் தாளாகவே நின்றுவிட்டது.