வருஷா வருஷம் அதே பாட்டு

டிசம்பர் 31 இரவு 12 அடித்ததும் நம் குடியிருப்பில் என்ன பாட்டு போடுவது என்று எந்தக் கமிட்டியும் கூடிப் பேசியதில்லை. 'இளமை இதோ இதோ'தான். வேறு பாட்டை முதலில் போட்டால் ஏ பிளாக்கிலிருந்து குரல் வந்துவிடும்.

'சகலகலா வல்லவன்' வெளிவந்தது 1982 ஆகஸ்டில். ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், இளையராஜா இசை, வாலியின் வரிகள், எஸ்.பி.பி. குரல். சுதந்திர தினத்தை ஒட்டி வந்த படத்தின் பாட்டு, ஜனவரி 1-ஐப் பிடித்துக்கொண்டது வேடிக்கைதான்.

அப்போதெல்லாம் வங்கிகளுக்குக் கணக்கு ஆண்டு டிசம்பர் 31-ல்தான் முடியும். மார்ச்சுக்கு மாறியது 80களின் கடைசியில். நாங்கள் லெட்ஜரில் சில்லறை வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்போம். வெளியே தெருவில் இந்தப் பாட்டு ஓடும். டேலி ஆகாத எரிச்சலிலும் யாராவது மேஜையில் தாளம் போடுவார்கள்.

ஏன் பழசாகவில்லை? நம் பிள்ளைகள் கிட்டார் கற்கத் தொடங்கினால் முதலில் வாசிப்பது 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவில் ஒரு கேசினோ எரிந்து, ஏரிமேல் புகை பரவியதைப் பார்த்து 'டீப் பர்ப்பிள்' குழு செய்த பாட்டு. நாலே ஸ்வரம்; கேட்டதும் தெரிந்துவிடும். நம் பாட்டிலும் அப்படித்தான், எஸ்.பி.பி. எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லியே ஆரம்பிக்கிறார். எந்த வருஷம் என்று சொல்வதில்லை. அதனால் எந்த வருஷத்துக்கும் பொருந்துகிறது. இளையராஜாவின் பாட்டுகளில் இதைவிட நுணுக்கமானவை நூறு உண்டு என்பது என் கட்சி. ஆனால் அவற்றுக்கு யாரும் நள்ளிரவில் காத்திருப்பதில்லை.

2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. மறைந்தார். அந்த வருஷக் கடைசியில் கொரோனாவால் கீழே கூட்டம் இல்லை. பால்கனிகளில் செல்போனில் ஓடவிட்டார்கள். அந்த வாழ்த்துக் குரல் வந்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இந்த வருஷம் பிரச்சினை வேறு. ஒலிபெருக்கி வேண்டாம் என்று நான்கு வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, ஒருவர் வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களில் அரசு தளர்த்தினாலும் 12 மணி வரைதான். நம் பாட்டோ 12-க்குத்தான் தொடங்குகிறது! பக்கத்துச் சதுப்புநிலம் 2022 முதல் ராம்சர் தலம் வேறு. டிசம்பரில்தான் வலசைப் பறவைகள் அங்கே தங்குகின்றன.

என் யோசனை: சமூகக் கூடத்துக்குள், கதவை மூடி, சின்ன ஸ்பீக்கரில் அந்த ஒரு பாட்டு மட்டும். மீதியை நாமே பாடிக்கொள்ளலாம், வாய்க்கு வால்யூம் குறைவு. அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கிறேன். அந்த நான்கு வீட்டாரும் அவசியம் வர வேண்டும்.