மீன் லொறியும் ஒரு சமன்பாடும்

2020 ஒக்டோபரில் பேலியகொட மீன்சந்தைக் கொத்தணி உருவானது நம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். மீன் வியாபாரத்தோடு தொற்று கிழக்குக் கரைக்கும் வந்தது; நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டது.

இப்பரவலுக்கான கணக்கு பழையது. 1905-06இல் பம்பாயில் கொள்ளைநோயால் வாராவாரம் மரணித்தோரின் பதிவை வைத்து, கெர்மக், மக்கென்றிக் என்ற இருவர் 1927இல் தங்கள் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தார்கள். (கெர்மக் ஆய்வுகூட விபத்தொன்றில் பார்வையை இழந்தவர்.) ஆனால் அந்தச் சமன்பாடு, ஊரில் எல்லோரும் எல்லோருடனும் ஒரேயளவில் பழகுவதாக எடுத்துக்கொண்டது. நாம் அப்படியா வாழ்கிறோம்? வீட்டிலிருக்கும் உம்மம்மா நாளைக்கு நாலைந்து பேரைக் காண்பார். மொத்தச் சந்தையில் மீன் விற்பவர் ஒரே விடியலில் பல மாவட்ட லொறிக்காரர்களைக் காண்பார். பின்னர் வந்த வலையமைப்புக் கணக்குகள் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்தன. ஆயிரம் வீடுகளைவிட, பல பாதைகள் சந்திக்கும் ஒரு முடிச்சைக் கவனிப்பது பெரிய விடயம்.

எந்தச் சமன்பாட்டிலும் மதத்துக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆனாலும் அந்த வருடம் நோய்க்கு நம் சமூகத்தின் பெயரைச் சூட்டினார்கள். நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது.